அறுபத்து நான்காவது சிரிப்பு

நடிகர் தணிகாசலம் அறுபத்து நான்காவது தடவையாகச் செத்துப்போனது ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, வளசரவாக்கத்தில் படப்பிடிப்புக்கென்று வாடகைக்கு எடுத்த பங்களா ஒன்றின் முன்வாசலில். அதற்கு முந்தைய அறுபத்து மூன்றும் ஒழுங்கான சாவுகள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, லாரியில் அடிபட்டு, மகள் ஓடிப்போன செய்தியைக் கேட்டு, மகன் திரும்பி வந்த செய்தியைக் கேட்டு, தலையணையால் அமுக்கப்பட்டு, இரண்டு முறை விஷம் கலந்த பாலில், ஒரே ஒரு முறை மாடு முட்டி என்று முப்பத்தொரு வருஷமாகத் தமிழ்நாடு அவரைச் சாகடித்துக்கொண்டே இருந்ததே தவிர, பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. காய்கறிக் கடையில் யாராவது நின்று, விரலை நீட்டி, "சார், நீங்க அந்த... சாவீங்களே!" என்பார்கள். அவரும் "ஆமாங்க, சாவேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்கப் போய்விடுவார்.

முகவாகு அப்படி. அவரைப் பார்த்த மாத்திரத்தில் எந்த இயக்குநருக்கும் இந்த ஆள் இடைவேளை தாண்ட மாட்டார் என்று தோன்றிவிடும். சாகும்போது பேச ஒரு வசனம் கொடுப்பார்கள். "அம்மாடி, உன்னைப் பெத்தவ யாருன்னா... அவ... அவ..." அதோடு தலை சாய்ந்துவிட வேண்டும். பெற்றவள் பெயரை அவர் சொல்லிவிட்டால் மிச்சமுள்ள நானூறு நாள் கதைக்கு எங்கே போவது? ஆகவே திரையில் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரைக்கும் கொண்டுபோக அந்த மனிதரை ஒருவரும் விட்டதில்லை.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் மைக்கைப் பிடித்து மூடநம்பிக்கையை வெளுத்து வாங்குகிறவர்களும் படப்பிடிப்புத் தளத்தில் அதை மீற மாட்டார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரைப் பாடையில் படுக்கவைத்து மாலை போட்டுப் படம் எடுத்தால், எடுத்து முடித்த கையோடு அவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அந்தச் சிரிப்பையும் எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் போட்ட சாவு அவரைவிட்டு இறங்கும். பிறகு பூசணிக்காய் உடைப்பார்கள். அந்தச் சிரிப்பு படத்தில் வராது, எடிட்டர் வெட்டித் தூர எறிந்துவிடுவார். தணிகாசலத்துக்கு வேறு எந்தக் காட்சியிலும் எவனும் சிரிப்புக் கொடுத்ததில்லை என்பதால், கேமரா முன்னால் அவர் சிரித்த அறுபத்து மூன்று சிரிப்பும் அறுபத்து மூன்று குப்பைக் கூடைகளில் கிடந்தன. ஆனாலும் சாவு இருக்கிற நாட்களில் அவர் கொஞ்சம் உற்சாகமாகத்தான் கிளம்புவார். "செங்கமலம், இன்னிக்கு எனக்குச் சிரிக்கிற ஷாட் இருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை பல் துலக்குவார்.

அந்தப் புதன்கிழமையும் துலக்கிக்கொண்டுதான் போனார். மாலை ஏழரை மணித் தொடரில் கதாநாயகியின் அப்பா வேஷம். தாடையைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, முதல்நாளே வாங்கி வாடிப்போயிருந்த சம்பங்கி ரோஜா மாலையைப் போட்டு, எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடிக்க, இயக்குநர் குருபரன் ஒரே மூச்சில் நாலரை நிமிஷக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தபோது, சேனலிலிருந்து ஆள் வந்து தொடர் இந்த வாரம் முதலிடத்துக்கு வந்துவிட்டது என்று கத்தினான். பின்னாலேயே கேக் வந்தது. பாடையைவிட அரை அடி நீளமான கேக். கேமராக்காரர் ஓடினார், லைட்காரர்கள் ஓடினார்கள், மாரடித்த எட்டுப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்கள், குருபரன் 'கட்' சொல்லக்கூட நிற்காமல் ஓடினார். 'கட்' சொல்லாத வரைக்கும் மூச்சுவிடக்கூடாது என்பது தணிகாசலத்தின் தொழில் தர்மம். அவர் அப்படியே கிடந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பாடையை வாடகைக்கு விட்டவர் வந்து, "பெரியவரே, எந்திரிங்க, இது மடிப்பாக்கம் போவணும். அங்க நிஜமாவே ஒருத்தர் காத்துக்கினுகிறார்" என்றார். சிரிப்பை ஒருவரும் எடுக்கவில்லை. பூசணிக்காய்கூட உடைபடாமல் மறுநாள் மதியச் சாப்பாட்டில் கூட்டாக வந்ததாகக் கேள்வி.

தணிகாசலம் எழுந்து, கட்டை அவிழ்த்து, பஞ்சை எடுத்து, மாலையைக் கழற்றப் போனார். மாலை வரவில்லை.

தலைக்கு மேலே தூக்கினால் காதுவரை வந்து நின்றது. பக்கவாட்டில் இழுத்தால் அவரும் கூடவே வந்தார். சரி, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறியவருக்கு, ஏதோ வட்டச் செயலாளர் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். கதவைத் திறந்த செங்கமலம், "விருதா?" என்று கேட்டாள். அந்த ஒரு விநாடி அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினாள், வெட்டின இடத்தில் நார் சேர்ந்துகொண்டது. சட்டையை மேலே போட்டார்; சட்டை உள்ளே போய் மாலை வெளியே வந்தது. விடிந்து பார்த்தால் நேற்றைய வாடல் சம்பங்கியெல்லாம் அன்று பறித்தவை போல் பனியோடு மலர்ந்திருந்தன. சிவந்த ரோஜா மூன்று கூடுதலாக இருந்தது. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

சாலிகிராமத்தில் அவர் குடியிருந்தது நாலு மாடி, பதினாறு வீடு கொண்ட அடுக்ககம். முதல் இரண்டு நாள் அவரோடு லிஃப்டில் யாரும் ஏறவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, நல்ல மழை, பூக்காரம்மா வரவில்லை. இரண்டாவது மாடி மரகதம் ஒரு பித்தளைத் தட்டோடு வந்து நின்றாள்.

"சார், சாமிக்கு நாலு சம்பங்கி எடுத்துக்கட்டுமா?"

"ஏம்மா, இது சாவு மாலைம்மா" என்றார் தணிகாசலம் பதறிப்போய்.

"சாவு மாலைன்னா செத்தவங்க கழுத்துல இருக்கறது சார். நீங்கதான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கீங்களே."

நியாயம்தானே. எடுத்தாள். எடுத்த இடத்தில் மறுநாள் பூத்தது. அடுத்த வாரத்துக்குள் பதினாறு வீட்டுச் சாமிகளும் தணிகாசலத்தின் கழுத்துப் பூவில்தான் குளிர்ந்திருந்தார்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று அடுக்ககத்தின் செயலாளராகிவிட்ட விநாயகமூர்த்தி, 'தணிகாசலம் சார் பூ எடுப்போர் கவனத்திற்கு' என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும்; வேரோடு இழுக்கக்கூடாது; ரோஜா செவ்வாய், வெள்ளியில் மட்டும்; பூ எடுக்கும்போது சாரிடம் வீட்டுக் கதைகளைப் பேசி நேரம் வீணாக்க வேண்டாம். எதிர்த் தெருச் சிலைக்கு மாலை போட வந்த கட்சிக்காரர்கள், ஆர்டர் செய்த மாலை வந்து சேராததால், தணிகாசலத்தைக் கையோடு கூட்டிப்போய் ஏணியில் ஏற்றிச் சிலையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தும் விட்டார்கள். ஒருவரும் இது ஏன் என்று கேட்கவில்லை. மாநகராட்சிக் குழாயில் வேளாவேளைக்குத் தண்ணீர் வந்தால்தான் சாலிகிராமத்துக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

சின்னத்திரையும் சளைக்கவில்லை. மாலை ஏற்கெனவே இருக்கிறதே என்று, ஆறு தொடர்களில் சுவரில் தொங்குகிற போட்டோவாக அவரைப் போட்டார்கள். முன்பாவது "அவ... அவ..." என்று பாதி வசனம் இருந்தது, போட்டோவுக்கு அதுவும் இல்லை. ஒரே நாளில் ஒரு வீட்டில் அப்பாவாகவும் பக்கத்து வீட்டில் மாமனாராகவும் தொங்கிவிட்டு வருவார். இமைக்காமல் நாலு நிமிஷம் இருக்க அவரைவிட்டால் ஆளில்லை என்று குருபரன் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

அந்தக் குருபரனிடம்தான் தணிகாசலம் மூன்று முறை போய் நின்றார். "ஒரு சிரிப்பு சார். அந்தப் பாடை, அந்தக் கேமரா, நீங்க. ரெண்டு நிமிஷ வேலை. எனக்கு இறங்கிடும்" என்று கேட்டார். முதல் தடவை, கேமரா பொள்ளாச்சிக்குப் போயிருக்கிறது என்றார் குருபரன். இரண்டாம் தடவை, உங்கள் சாவைத் தினமும் பிளாஷ்பேக்கில் போட்டுக்கொண்டிருக்கிறோம், நடுவில் நீங்கள் சிரித்தால் என்னவோ ஏதோ என்று ஆகிவிடும் என்றார். மூன்றாம் தடவை தோளில் கைபோட்டு, மாலையில் ஒரு ரோஜாவைப் பறித்து முகர்ந்தபடி, மனம் விட்டே சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க சார். உங்களுக்குச் சிரிப்பு செட்டாகாது. நம்ம தொடர்ல வில்லி ஒருத்திதான் சிரிப்பா."

வீட்டிலேயே முயன்றார்கள். மகள் நித்யகலா செல்போனைத் தூக்கிப் பிடித்து "ஆக்‌ஷன்" என்றாள். அவர் பல்லைக் காட்டினார். மாலை அசையவில்லை. ஜோக் சொன்னாள், இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டினாள். இயக்குநர் சொன்னால் மட்டும் சிரித்தே முப்பத்தொரு வருஷம் ஓட்டியவருக்குத் தானாகச் சிரிப்பது எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியவில்லை. அப்பாவும் மகளும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு சம்பங்கி உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது, அதை அவள் கசக்கி எறிந்தாள். காரணம் இருந்தது. அவளுக்கு நிச்சயமாகி, பங்குனியில் முகூர்த்தம் வைத்தாகிவிட்டது.

சம்பந்தியம்மாள் சுலோச்சனா அரக்கோணத்துக்காரி, தங்கமான மனுஷி, ஏழரை மணித் தொடரை ஒருநாள் விட்டதில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்து, நீட்டிய காப்பியைக்கூடத் தொடாமல் பேச்சை எடுத்தாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல சம்பந்தி. நீங்க போன எபிசோட் அன்னிக்கு நான் எந்திரிச்சுப் போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டேன். மூணு நாள் எங்க வீட்ல கறி எடுக்கல. இப்ப நீங்க இந்த மாலையோட மணையில உக்காந்து தாரை வாத்துக் குடுத்தா, எங்க ஜனம் என்ன பேசும்?"

"அவர் உயிரோடதானே உங்க எதிர்ல உக்காந்திருக்காரு" என்றாள் செங்கமலம்.

"யாரு இல்லன்னா? உசுரோடதான் இருக்காரு. ஆனா மாலை இருக்கே."

சுலோச்சனாவே ஒரு வழியும் கொண்டுவந்திருந்தாள். நாலடிக்கு மூணடி தேக்குச் சட்டம். மேடையில் ஓரமாக வைத்து, சுற்றிக் கலர் பல்பு போட்டுவிடலாம். சம்பந்தி பின்னால் உட்கார்ந்துகொண்டால் பார்க்கிறவர்களுக்குப் போட்டோ. பெண்ணின் அப்பா தெய்வமாக இருந்து ஆசீர்வாதம் பண்ணின மாதிரியும் ஆச்சு, மாலைக்கும் பொருத்தமாச்சு. தாரை வார்க்கத் தாய்மாமனும் அவர் சம்சாரமும் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டால் புழுங்கும், அது மட்டும் வேண்டாம் என்றாள். அவ்வளவு இளகிய மனசு. பிறகு குரலைத் தாழ்த்தி, முகூர்த்த நேரத்தில் மட்டும் செங்கமலம் கொஞ்சம் பின்னால், மண்டபத்துத் தூணண்டை நின்றுகொண்டால் தேவலை என்றாள். போட்டோவில் புருஷன் இருக்கும்போது அவர் பொண்டாட்டி பூவும் பொட்டுமாய் முன்னால் நின்றால் நன்றாகவா இருக்கும்?

நித்யகலா அறையிலிருந்து வந்தாள். "அப்பா, மாட்டேன்னு சொல்லுங்க. உங்க வாழ்க்கையில ஒரே ஒரு தடவை யார்கிட்டயாவது மாட்டேன்னு சொல்லுங்களேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

தணிகாசலம் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சுலோச்சனாவைப் பார்த்தார். மூன்று பேரில் யார் இயக்குநர் என்று அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. "நாலு மணி நேரம்தானே. பழகினதுதான்" என்றார். செங்கமலம் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து கல்யாணம் வரைக்கும் அவரிடம் அவள் பேசிய வார்த்தைகளை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம்.

முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மண்டபம் நிறைந்திருந்தது. சாலிகிராமம் பதினாறு வீடும் வந்திருந்தார்கள்; பெண்கள் தலையில் இருந்ததெல்லாம் தணிகாசலத்தின் கழுத்துப் பூதான். தேக்குச் சட்டத்துக்குள் பட்டுச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார், சிவப்பும் பச்சையுமாக பல்புகள் அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் மொய் கவரைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சட்டத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள். "தத்ரூபம்" என்றார் விநாயகமூர்த்தி, தினம் காலை ஆறு மணிக்குப் பார்க்கிற முகத்தை. ஒரு பெரியவர், "நல்ல மனுஷன், எப்ப தவறினாரு?" என்று போட்டோவிடமே கேட்டார். தணிகாசலம் இமைக்கவில்லை. மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தது, அதற்கும் அசையவில்லை. தன் தொழில் வாழ்க்கையிலேயே இதுதான் சிறந்த நடிப்பு என்று அவருக்கே தோன்றியது. யாராவது இயக்குநர்கள் வந்திருக்கிறார்களா என்று கண்ணைத் திருப்பாமல் தேடினார்.

தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே குங்குமத் தட்டு வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவள் மரகதம். சுமங்கலிகள் ஒவ்வொருவராகக் குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை முடிந்து தட்டு தூணருகே வந்தது. அங்கே அரக்குப் பட்டில் நின்றிருந்த செங்கமலம், பழக்கத்தில் கையை நீட்டினாள். மரகதம் ஒரு விநாடி தயங்கினாள். சட்டத்தை ஒரு பார்வை, செங்கமலத்தை ஒரு பார்வை. பிறகு தட்டை மெதுவாக, மரியாதையாக, பக்கத்தில் நின்றவளிடம் நகர்த்தினாள்.

நீட்டின கை நீட்டியபடியே இருந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தார். அறுபத்து நான்கு சாவில் ஒன்றுகூட அவருக்கு வலித்ததில்லை. இது வலித்தது. குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கீங்களே என்று சொல்லிச் சொல்லித் தினமும் கழுத்தில் கைவைத்துப் பூப்பறித்தவள். இருந்தாலும் அவர் அசையவில்லை. இன்னும் யாரும் 'கட்' சொல்லவில்லை.

செங்கமலம் கையை இறக்கவில்லை. அந்தக் கையோடேயே நடந்து மேடை ஏறினாள். சுலோச்சனா "அண்ணி, அண்ணி" என்று பதறினாள், நாதஸ்வரக்காரர் ஊதுவதா வேண்டாமா என்று பார்த்தார். செங்கமலம் நேரே சட்டத்துக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"ஏங்க, இருக்கீங்களா, போயிட்டீங்களா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. இருந்தா குங்குமம் வச்சுக்கறேன். போயிட்டீங்கன்னா இப்படி உக்காந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போறேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் சீக்கிரம் ஆகட்டும். காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல, எனக்குப் பசிக்குது."

சட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு சின்னச் சத்தம் வந்தது, தும்மல் வருகிற மாதிரி. தணிகாசலத்தின் வாய்க்கோணம் ஆடியது, கன்னம் ஆடியது, தோள் குலுங்கியது. எந்த இயக்குநரும் சொல்லாத, எந்தக் கேமராவுக்கும் காட்டாத, குப்பைக் கூடைகளில் கிடந்த அறுபத்து மூன்றையும் சேர்த்துவைத்த மாதிரியான ஒரு சிரிப்பு அவர் வயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையைத் திறந்துகொண்டு, பல்புகளை ஆட்டி, மேளக்காரரின் தோலை அதிரவைத்து, கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாலை தோளிலிருந்து நழுவி, பொத்தென்று மணையோரம் விழுந்தது. விழுந்த வேகத்தில் பூவெல்லாம் வாடி, அந்தப் புதன்கிழமை இருந்த நிறத்துக்கே போய்விட்டது. பெண்களின் தலையில் இருந்ததும் அப்படியே வாடியது.

"இருக்கேன்டி செங்கமலம். முழுசா இருக்கேன். எனக்கும் பசிக்குது" என்றார் தணிகாசலம். மூன்று வாக்கியமும் முற்றுப்புள்ளி வரைக்கும் போயின.

சட்டத்தைத் தாண்டிக் காலை வைத்து வெளியே வந்து, மேடையிலிருந்து இறங்கி, மரகதத்தின் தட்டில் விரலைத் தோய்த்து, திரும்ப மேடை ஏறி, மனைவியின் நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமத்தைத் தாராளமாக, மூக்கில் கொட்டும்படி வைத்தார். மரகதத்துக்கு வருத்தம்தான், நாளைக்குச் சாமிக்கு என்ன செய்வது என்று. சுலோச்சனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நித்யகலா மணையிலிருந்தே, "அத்தை, போட்டோ எந்திரிச்சிடுச்சு. இப்ப எங்கப்பா தாரை வாத்துக் குடுப்பாரு" என்றாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் தெளிவாக, "ஆமாம்மா" என்றார். தாய்மாமன் எழுந்து இடம் விட்டார். பத்து இருபதுக்குத் தணிகாசலமும் செங்கமலமும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றும்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லாம் முடிந்து சாப்பிடப் போகிற நேரத்தில் வீடியோக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வழிமறித்தார். "சார், சார்! அந்தச் சிரிப்பு பிரமாதம் சார். ஆனா பல்பு வெளிச்சம் லென்ஸ்ல அடிச்சிருச்சு, ஒண்ணும் சரியா விழல. திரும்ப ஒருவாட்டி உள்ளாற போய் உக்காந்து சிரிச்சிடுங்க. ஒன் மோர் சார், ரெண்டே நிமிஷம்."

முப்பத்தொரு வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் திரும்பிப் படுத்துக்கொண்ட உடம்பு அது. பழக்க தோஷத்தில் ஒரு அடி பின்னால் வைத்தும்விட்டது.

"மாட்டேன்" என்றார் தணிகாசலம்.

சொன்ன பிறகு அந்தச் சொல்லை இன்னொரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, செங்கமலத்தோடு போய் முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலையைத் துடைத்தார். பாயசம் வந்ததும் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.